குற்றத்தின் பாரம்: இருள்படங்களும் அவற்றின் மறுவாக்கங்களும்

திருவனந்தபுரத்து வலியசாலை மகாதேவர் கோயில் இருக்கும் இடமே காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்காக ஒரு சாலையை நிறுவினான். அதன் ஒழுங்குகள் காந்தளூர் முறைப்படி அமையவேண்டும் என்று செப்பேட்டிலேயே எழுதிவைத்தான். தன் முன்மாதிரி எது, அதிலிருந்து எதைக் காக்கவேண்டும் என்ற இரண்டையும் அவன் மறைக்கவில்லை. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்பவர் எவருக்கும் வேண்டிய முதல் நேர்மை அதுதான்.

நம் காலத்தில் முன்மாதிரியைப் பார்த்துச் செய்யும் வேலை மிக அதிகமாக நடப்பது திரைப்படத்தில். அதிலும் மர்மப்படங்களில். வலியசாலைக்காரர்களுக்கு இதைப் பற்றிப் பேசத் தனித் தகுதி உண்டு என்று நம்புகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நாம். மூலப்படத்தையும் ரீமேக்கையும் எழுத்துவரியின் துணையில்லாமல் இரண்டு மொழியிலும் நேராகக் கேட்க முடிந்தவர்கள். தம்பானூர்த் திரையரங்குகள் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. கேரளத்தின் முதல் திரைப்படச் சங்கமான சித்ரலேகா 1965இல் தொடங்கியது இந்த நகரத்தில். டிசம்பர் பிறந்தால் திரைப்பட விழாவோடு உலகப் படங்களும் இங்கேயே வந்து சேர்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஊர் தென்னாட்டில் அரிது.

ஒப்பிடும்போது நம்மில் பலர் கேட்கும் கேள்வி, ‘மூலம் போல இருக்கிறதா’ என்பது. மர்மப்படத்துக்கு அந்தக் கேள்வி போதாது. கதையின் திருப்பத்தை யார் வேண்டுமானாலும் அப்படியே பெயர்த்துவிடலாம். குற்றத்தின் பாரத்தை எந்தப் பாத்திரத்தின் தோளில் ஏற்றினார்கள், எவ்வளவு ஏற்றினார்கள் என்பதில்தான் ஒரு ரீமேக்கின் தரம் தெரியும். இந்தக் கட்டுரை அந்த ஒரே அளவுகோலைக் கொண்டு சில பள்ளிகளை வரிசைப்படுத்துகிறது. முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச இயலாது. படங்களைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

அளவுகோல் எங்கிருந்து வந்தது

1940களின் அமெரிக்கக் குற்றப்படங்கள் சிலவற்றுக்கு, 1946இல் பிரெஞ்சு விமரிசகர்கள் ‘பிலிம் நுவார்’ என்று பெயர் வைத்தார்கள். இருள்படம் என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்த இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் கொண்டுவந்த நிழல் அழகு ஒருபுறம். அதைவிட முக்கியமாக, நாயகனும் குற்றத்தில் பங்காளி என்ற புதிய துணிவு மறுபுறம். துப்பறியும் கதையில் குற்றவாளி வெளியே இருப்பான். இருள்படத்தில் அவன் கதாநாயகனுக்குள்ளேயே இருப்பான்.

இந்த வகையின் தொடக்கப்படங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் 1941ஆம் ஆண்டின் ‘த மால்டீஸ் ஃபால்கன்’ படமே ஒரு மறுவாக்கம். டாஷியல் ஹாமெட்டின் அதே நாவல் 1931இலும் 1936இலும் படமாகியிருந்தது. மூன்றாவதாக வந்தது காவியமானது. ஆகவே ரீமேக் என்பதாலேயே ஒரு படம் தாழ்ந்ததாகாது.

அளவுகோலுக்கு மிகத் தெளிவான உதாரணம் ‘கேப் ஃபியர்’. 1962இல் ஜே. லீ தாம்சன் இயக்கிய படத்தில் கிரெகரி பெக் நடித்த வக்கீல் சாம் போடன் மாசற்றவர். ஒரு கொடுமையைக் கண்டு சாட்சி சொன்னார். தண்டனை பெற்ற மாக்ஸ் கேடி விடுதலையாகி வந்து பழிவாங்கத் துடிக்கிறான். ராபர்ட் மிச்சம் அந்தக் கேடியாக வந்தார். 1991இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இதையே மீண்டும் எடுத்தபோது ஒரே ஒரு முடிச்சை மாற்றினார். நிக் நோல்ட்டி நடித்த போடன் இப்போது கேடிக்காக வாதாடிய வக்கீல். கட்சிக்காரனுக்கு உதவியிருக்கக்கூடிய ஆவணத்தை வேண்டுமென்றே மறைத்தவர். ராபர்ட் டி நீரோவின் கேடி கேட்பது பழி மட்டுமல்ல, ஒரு கணக்கும் கூட. அந்த ஒரு மாற்றத்தால் படத்தின் எடை முழுவதும் வக்கீலின் தோளுக்கு இடம்பெயர்ந்தது. பழைய படத்தில் நாம் ஒரு நல்ல குடும்பத்துக்காகப் பயப்படுகிறோம். புதிய படத்தில் அந்தக் குடும்பத்தின் தலைவரையே ஐயத்தோடு பார்க்கிறோம். பழைய நடிகர்கள் பெக், மிச்சம் இருவரையும் சிறு வேடங்களில் வரவழைத்தும், பெர்னார்ட் ஹெர்மனின் பழைய இசையையே எல்மர் பெர்ன்ஸ்டைனைக் கொண்டு மறுபடி அமைத்தும் ஸ்கார்செஸி தன் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பாரத்தைக் கூட்டு, கடனைச் சொல் என்ற இரண்டு விதிகளும் அந்தப் படத்தில் உண்டு.

முதல் பள்ளி: முறையை மட்டும் வாங்கியவர்கள்

தமிழில் இருள்படத்தின் தலைப்பிள்ளை ‘அந்த நாள்’. 1954 ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி ஏவி.எம். வெளியிட்டது. இயக்கம் வீணை எஸ். பாலசந்தர், திரைக்கதை ஜாவர் சீதாராமன், ஒளிப்பதிவு மாருதி ராவ். பாட்டே இல்லை; நடனம் இல்லை. ஒரே மரணத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் முறையை 1950இல் வந்த அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’, ஆந்தனி ஆஸ்க்வித்தின் ‘த உமன் இன் குவெஸ்சன்’ போன்ற படங்கள் காட்டியிருந்தன. பாலசந்தரும் சீதாராமனும் அந்த முறையை எடுத்துக்கொண்டு கதையைச் சென்னைக்கே சொந்தமாக்கினார்கள். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு போட்டதுதான் கதையின் பின்னணி. அடுத்த காலையில் வானொலிப் பொறியாளர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அண்டை வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், தம்பி வேறொன்று, மனைவி உஷா இன்னொன்று.

ராஜன் எதிரிநாட்டு ஒற்றன் என்பதும், உஷாவின் கைத்துப்பாக்கியே அவன் உயிரைக் குடித்தது என்பதும் கடைசியில் தெரிகிறது. துரோகம் முழுக்க முழுக்கக் கதாநாயகன்மேல். கொலையின் பாரம் நாட்டை நேசித்த மனைவிமேல். ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த சிவாஜி கணேசன் அத்தகைய வேடத்தை ஏற்றதும், பண்டரிபாய் அந்தப் பாரத்தைக் கூச்சலில்லாமல் தாங்கியதும் தமிழ்த் திரையின் பெருமைகள். இது ரீமேக் அல்ல. ஆனால் பின்னால் வந்த ரீமேக்குகளை எதனோடு வைத்து அளக்கவேண்டும் என்பதற்கு இதுவே படிக்கல். மலையாளத்தில் இந்தப் பள்ளியின் உச்சம் கே.ஜி. ஜார்ஜின் ‘யவனிகா’. 1982இல் ஒரு நாடகக் குழுவின் திரைக்குப் பின்னே காணாமற்போன தபலா கலைஞர் அய்யப்பனைத் தேடும் கதை. பரத் கோபி நடித்த அய்யப்பன் எப்பேர்ப்பட்டவர் என்பது தெரியத் தெரிய, கொன்றவர்மேல் நமக்குக் கோபம் வர மறுக்கிறது.

இரண்டாம் பள்ளி: வேரோடு பெயர்த்து நட்டவர்கள்

இந்தப் பள்ளியின் தலைசிறந்த படைப்பு ‘புதிய பறவை’. வழித்தடம் நீளமானது. 1958இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் ‘சேஸ் எ குரூக்கெட் ஷேடோ’. ஸ்பெயின் கடற்கரை மாளிகையில் தனித்து வாழும் செல்வச்சீமாட்டி கிம்பர்லியாக ஆன் பாக்ஸ்டர். கார் விபத்தில் இறந்துபோன அவள் அண்ணன் நானே என்று ஒருவன் வந்து நிற்கிறான். அது ரிச்சர்ட் டாட். அவன் பொய்யன் என்று அவள் எவ்வளவு சொன்னாலும் ஊரும் காவல்துறையும் நம்பவில்லை. வீட்டிலுள்ள படம் முதல் ஆவணம் வரை எல்லாமே அவனுக்குச் சாதகம். கடைசியில் அண்ணன் செத்துவிட்டான், ஏனென்றால் அவன் காரைப் பழுதாக்கியதே தான்தான் என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கிறார்கள். வந்தவன் போலீஸ்காரன்.

1963இல் ஹரிதாஸ் பட்டாச்சார்யா இதை வங்காளத்தில் ‘சேஷ் அங்க’ என்று எடுத்தார். உத்தம் குமார், ஷர்மிளா தாகூர், சாவித்ரி சட்டர்ஜி நடித்தார்கள். அண்ணன் தங்கை உறவு கணவன் மனைவியாக மாறியது இங்கேதான். இறந்த மனைவி திரும்பி வந்து நிற்கிறாள் என்பது அண்ணன் திரும்பி வருவதைவிட நம் வீடுகளுக்கு அருகில் இருக்கும் அச்சம். 1964 செப்டம்பரில் சிவாஜி பிலிம்ஸ் தயாரிப்பில் தாதா மிராசி அதைத் தமிழில் இயக்கினார். வசனம் ஆரூர்தாஸ், ஒளிப்பதிவு கே.எஸ். பிரசாத், இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கோபால் (சிவாஜி கணேசன்), லதாவையும் அவள் தந்தையையும் சந்திக்கிறான். ரயிலைக் கண்டாலே நிலைகுலையும் அவனுடைய நோயின் காரணம் யாருக்கும் தெரியாது. நிச்சயதார்த்தம் நடக்கும் வீட்டில், ரயிலில் அடிபட்டு இறந்ததாக அவன் சொன்ன முதல் மனைவி சித்ரா உயிரோடு வந்து நிற்கிறாள். சௌகார் ஜானகி அந்தச் சித்ரா. அவளை அழைத்துவரும் மாமன் எம்.ஆர். ராதா. அவள் சித்ரா அல்ல என்று நிரூபிக்கக் கோபால் நீட்டும் கையெல்லாம் வெறுங்கையாகவே திரும்புகிறது.

மூலத்தோடு ஒப்பிட்டால் மூன்று மாற்றங்கள் முக்கியம்.

முதலாவது, குற்றத்தின் அளவு. கிம்பர்லி செய்தது திட்டமிட்ட கொலை. கோபால் செய்தது கோபத்தில் ஓங்கிய ஒரு அறை. இதயம் பலவீனமான சித்ரா அதில் விழுந்து இறக்கிறாள். பிறகு உடலைத் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலைபோலக் காட்டுகிறான். கொலை இங்கே விபத்தாகச் சுருங்கியது. பத்தாண்டுகளுக்கு முன் ‘அந்த நாள்’ படத்தில் முழுத் துரோகியாக நடித்த அதே நடிகர், இப்போது உச்ச நட்சத்திரம். அவர்மேல் முழுக் கொலையை ஏற்றப் படத்துக்குத் துணிவில்லை. இதை இந்தப் படத்தின் பலவீனமாகவே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, வலையின் அமைப்பு. ஆங்கிலப் படத்தில் வந்தவனும் அவன் கூட்டாளிகளும் பொய். தமிழில் லதாவும் பொய். அவள் துப்பறியும் அதிகாரி. தந்தையாக வந்தவரும் அப்படியே. கோபால் தன் வாழ்வில் மீண்டும் நம்பிய ஒரே அன்பே அவனைப் பிடிக்க விரித்த கண்ணி. ஆனால் அவனைக் காட்டிக்கொடுக்கவேண்டிய வேளையில் லதாவே அவனை உண்மையாகக் காதலித்துவிட்டதாகச் சொல்கிறாள். சட்டத்தின் கணக்கில் குறைந்த பாரம், நெஞ்சின் கணக்கில் இரண்டு பேர்மேல் ஏறிவிடுகிறது. ஆங்கில மூலத்தில் கடைசிக் காட்சி ஒரு புதிர் விடுபடும் மகிழ்ச்சியைத் தருகிறது. தமிழில் அதே காட்சி அழவைக்கிறது. லதாவாக வரும் சரோஜாதேவியின் முகம் அந்த நிமிடத்தில் குற்றவாளியின் முகத்தைவிடக் குற்றமுள்ளதாகத் தெரிகிறது.

மூன்றாவது, பாட்டு. மர்மப்படத்துக்குப் பாட்டு எதிரி என்ற கருத்தை ‘அந்த நாள்’ நிலைநிறுத்தியிருந்தது. ‘புதிய பறவை’ அதற்கு நேர்மாறான ஒரு வழியைக் கண்டது. சிங்கப்பூர் கிளப்பில் சித்ரா பாடும் பாட்டு, கோபாலின் காதலைத் தொடங்கிவைத்த பாட்டு. அதே மெட்டு பிற்பாதியில் திரும்பி வரும்போது அது ஒரு சாட்சி. பி. சுசீலாவின் குரலே விசாரணையாகிறது. நிம்மதியைத் தேடி அலையும் டி.எம். சௌந்தரராஜன் பாடலோ வாக்குமூலத்துக்கு முன்பே வந்த வாக்குமூலம். சொல்ல முடியாததை அவன் பாடிவிடுகிறான். கேட்கும் நமக்கு மட்டும் அது புரிகிறது. நிழலையே நம்பிய ஆங்கிலப் படத்துக்கு மாற்றாக, வண்ணத்தில் எடுத்த ஒரு இருள்படம் தன் இருளை இசையிலிருந்து பெற்றது. உலகில் வேறெங்கும் இந்த வகைக்கு இப்படி ஒரு சேர்க்கை கிடைத்ததாகத் தெரியவில்லை என்று துணிந்து சொல்வேன்.

அதே ஆங்கில மூலம் மலையாளத்துக்கும் வந்தது. 1989இல் ஜி.எஸ். விஜயன் இயக்க, எஸ்.என். சுவாமி எழுத, மம்மூட்டியும் ரகுமானும் நடித்த ‘சரித்ரம்’. அண்ணன் தம்பியாக மாற்றி, மூலத்தின் உடன்பிறப்பு உறவுக்கே திரும்பிப் போனது. பாட்டின் துணையைவிடச் சந்தேகத்தின் விசையை நம்பியது. புதிரின் கட்டமைப்பில் அது மூலத்துக்கு நெருக்கம். உணர்வின் ஆழத்தில் ‘புதிய பறவை’யின் பக்கத்தில் அதை வைக்க இயலாது.

பெயர்த்து நடுவதில் தோற்றதற்கும் ஒரு சான்று வேண்டும். 1965இல் கே. சங்கர் இயக்கிய ‘கலங்கரை விளக்கம்’. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 1958ஆம் ஆண்டுப் படமான ‘வெர்டிகோ’வின் சாயல் அதில் தெளிவு. இறந்த காலத்துப் பெண்ணாகத் தன்னை நினைத்துக்கொள்ளும் நாயகி, உயரத்திலிருந்து விழும் மரணம், அவளைப் போலவே இன்னொருத்தி என எல்லாம் உண்டு. மாதா கோயில் கோபுரம் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கமாகவும், ஸ்பானியச் சீமாட்டி பல்லவர் காலத்துச் சிவகாமியாகவும் மாறியது நயமான கற்பனை. மண்ணை மாற்றுவதில் இதைவிட அழகான வேலை குறைவு. ஆனால் ‘வெர்டிகோ’வின் உயிர் அதன் துப்பறிவாளன். உயரத்துக்கு அஞ்சுபவன், இறந்தவளை உயிரோடிருப்பவள்மேல் திணிக்கும் நோயாளி. எம்.ஜி.ஆரின் நாயகனுக்கு அந்த நோய் இருக்க அனுமதியில்லை. அவர் குற்றமற்றவர், வில்லனைப் பிடிப்பவர். பாரம் முழுவதும் வில்லன் தலையில் இறங்கியதும் இருள்படம் ஒரு நல்ல பொழுதுபோக்குப் படமாகிவிட்டது. இனிய பாடல்களால் அது வாழ்கிறது. மூலத்தின் கலக்கம் அதில் இல்லை.

மூன்றாம் பள்ளி: அண்டை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் இது. 2013 டிசம்பரில் ஜீத்து ஜோசப் எழுதி இயக்கிய ‘திருஷ்யம்’. 2015 ஜூலையில் அவரே தமிழில் இயக்கிய ‘பாபநாசம்’. இரண்டுக்கும் ஒளிப்பதிவு சுஜித் வாசுதேவ். ஐ.ஜி. கீதா பிரபாகராக இரண்டிலும் ஆஷா சரத். இளைய மகளாக இரண்டிலும் எஸ்தர் அனில். கன்னடம், தெலுங்கு, இந்தி, சிங்களம் எல்லாம் தாண்டிச் சீன மொழிக்கும் போன கதை இது. இத்தனை பயணத்திலும் தமிழ் வடிவத்துக்குத் தனி இடம் உண்டு.

முதற் காரணம் மொழி. ஜெயமோகன் வசனம் எழுத, சுகா நெல்லை வழக்குக்குத் துணை நின்றார். ராஜாக்காட்டு ஜார்ஜுகுட்டி தாமிரபரணிக் கரைச் சுயம்புலிங்கமானார். தியானக் கூட்டத்துக்குக் குடும்பத்தை அழைத்துப்போன ஜார்ஜுகுட்டியின் இடத்தில், சுயம்புலிங்கம் தென்காசிக்குச் சமயச் சொற்பொழிவு கேட்கப் போகிறார். கதையின் பூட்டே அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. சாட்சிகளின் நினைவில் ஒரு பொய்த் தேதியைப் பதிக்கவேண்டும். அதற்கு ஊர் நம்பும் ஒரு காரணம் வேண்டும். மதமும் ஊரும் மாறியும் பூட்டு அசையவில்லை. மண்ணை மாற்றுவதில் இது பாடநூல்.

பாரத்தின் கணக்கில் இரண்டும் பிரிகின்றன. இரண்டிலும் குற்றம் ஒன்றே. மகளின் கையால் ஒருவன் சாகிறான். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தந்தை தான் பார்த்த சினிமாக்களின் அறிவால் அதை மறைக்கிறார். சின்னக் குழந்தைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார். கடைசியில் இறந்தவனின் பெற்றோர் அவர் முன் வந்து நிற்கிறார்கள். மோகன்லாலின் ஜார்ஜுகுட்டி அங்கே தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொல்லியும் சொல்லாமலும் பேசுகிறார். உணர்ச்சி முகத்தில் ஒரு கணம் எட்டிப்பார்த்து உள்ளே போய்விடுகிறது. கமல்ஹாசனின் சுயம்புலிங்கமோ உடைந்து அழுகிறார்.

இந்த வேறுபாட்டை நடிப்புப் போட்டியாகப் பேசிப் பேசி நம் ஊரில் பலர் களைத்துவிட்டார்கள். எனக்கு அது இரண்டு மரபுகளின் வேறுபாடாகவே தெரிகிறது. கோபால் முதல் சுயம்புலிங்கம் வரை தமிழ்த் திரை குற்றத்தை வாக்குமூலமாகக் கொட்டித் தீர்க்க விரும்புகிறது. அழுகை அங்கே பாதித் தண்டனை. மலையாளத் திரை, ‘யவனிகா’வின் காலத்திலிருந்தே, குற்றத்தை உள்ளே வைத்துக்கொண்டு வாழ்வதையே தண்டனையாக எண்ணுகிறது. எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இந்தக் குறிப்பிட்ட கதைக்கு மட்டும் என் தீர்ப்பு ஜார்ஜுகுட்டி பக்கம். மறைப்பதே தொழிலாகிவிட்ட ஒருவன் கடைசி வரை மறைக்கும்போதுதான் பாரம் முழுதாக அவன்மேல் நிற்கிறது. அழுதவுடன் நாம் அவனை மன்னித்துவிடுகிறோம். பாரத்தில் ஒரு பங்கை நாம் வாங்கிக்கொள்கிறோம். ‘புதிய பறவை’யில் அழுகை பொருந்தியது. ஏனெனில் அழுத உடனேயே கோபாலின் கையில் விலங்கு ஏறியது.

நான்காம் பள்ளி: தம் வீட்டுப் படத்தையே மீண்டும் எடுத்தவர்கள்

இந்தப் பள்ளி வயதில் இளையது. 1978இன் இந்தி ‘டான்’, 1980இல் ரஜினிகாந்தின் ‘பில்லா’ ஆனது. அதையே 2007இல் விஷ்ணுவர்தன் அஜித்தைக் கொண்டு மீண்டும் எடுத்தார். நீரவ் ஷாவின் ஒளிப்பதிவில் மலேசியாவின் கண்ணாடிக் கட்டடங்களுக்கிடையே இருள்படத்தின் தோற்றம் முழுதாகக் கைகூடியது. தோற்றத்தில் தமிழ்த் திரையின் பாய்ச்சல் அது. ஆனால் குற்றவாளி ஒருவன், அவன் முகத்தைக் கடன்வாங்கிய நல்லவன் ஒருவன் என்று பாரம் இரண்டு உடல்களாகப் பிரிந்துவிடுவதால், எவன்மேலும் அது அழுத்தமாக இறங்குவதில்லை.

மலையாளத்தில் 1964இல் ஏ. வின்சென்ட் இயக்கிய, வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய ‘பார்கவி நிலையம்’, 2023இல் ஆஷிக் அபுவின் ‘நீலவெளிச்சம்’ ஆயிற்று. இசையமைப்பாளர் பாபுராஜின் அதே மெட்டுகள், புதிய குரல்களில். மூலத்தின்மேல் வைத்த பக்தி படம் முழுதும் தெரிகிறது. ஒரு காவியத்தை மீண்டும் எடுக்கும்போது பக்தியைவிட ஒரு புதிய கேள்வி அதிகம் தேவை என்பதையும் அந்தப் படமே காட்டுகிறது.

அளவைகள்

இத்தனை படங்களிலிருந்தும் திரண்டு வருவன நான்கு அளவைகள். மூலத்தில் நாயகனுக்கு இருந்த குற்றத்தை ரீமேக் குறைக்கக்கூடாது. குறைத்தால் வேறொரு இடத்தில் அதே எடையை ஈடுசெய்யவேண்டும். கதை போய்ச் சேரும் ஊரின் பேச்சும் வழிபாடும் உணவும் அந்தக் கதையின் பூட்டோடு பொருந்தவேண்டும். பாட்டு வந்தால் அது சாட்சியாகவோ வாக்குமூலமாகவோ வரவேண்டும். கடைசியாக, கடன் எங்கே பெற்றோம் என்பதைப் பெயர்ப்பட்டியலில் மறைக்கக்கூடாது. நம் பழைய படங்கள் பல தம் ஆங்கில மூலத்தைச் சொல்லவே இல்லை. அவற்றின் பெருமைக்கு அது ஒரு குறைதான்.

முதல் அளவையில் ‘புதிய பறவை’ பாதி வழுக்கி, லதாவின் மூலம் மீதியை ஈட்டிக்கொண்டது. மூன்றாவதில் அதற்கு இணையில்லை. இரண்டாவதில் ‘பாபநாசம்’ முதலிடம். நான்கிலும் முழு மதிப்பெண் பெறும் தமிழ் ரீமேக் இன்னும் வரவில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் வலியசாலை இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலத்தையும் மறுவாக்கத்தையும் அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் பாருங்கள்; முதலில் ‘சேஸ் எ குரூக்கெட் ஷேடோ’, மறுநாள் ‘புதிய பறவை’. பார்த்ததைத் தமிழில் எழுதுங்கள், மலையாளத்திலும் எழுதுங்கள். இரண்டு மொழியையும் தாய்மொழி போல அறிந்த விமரிசகர்கள் இந்தத் துறைக்கு வேண்டும். அவர்கள் நம் தெருக்களிலிருந்து வர முடியும், வரவேண்டும்.